ஐம்பது மீட்டருக்கு எந்த ஸ்கோப்? ஐந்தை மாட்டிப் பார்த்த கதை

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி போட்டால் சரியாகிவிட்டது. துப்பாக்கியில் சரியாகவில்லை. குறி பார்க்கக் குழலில் பொருத்திய பின் சைட், முன் சைட், ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் கறுப்பு வட்டம், இந்த மூன்றையும் எந்தக் கண்ணும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்காது. இளவயதுக் கண் மாறி மாறி ஓடிச் சமாளித்துவிடும். என் கண்ணுக்கு அந்த ஓட்டம் போய்விட்டது. முன் சைட் ஒரு சாம்பல் நிறக் கம்பளிப்பூச்சி மாதிரி தெரிய ஆரம்பித்த பிறகுதான் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப் வாங்குவது என்று முடிவெடுத்தேன். எந்த ஸ்கோப் என்பதை முடிவு செய்ய ஜனவரியிலிருந்து மே வரை ஆயிற்று.

இருப்பது தில்லி ராமகிருஷ்ணபுரத்தில். ஞாயிறு காலை ஃபிளாஸ்கில் காபியும் டப்பாவில் இட்லியும் எடுத்துக்கொண்டு கிளப் ரேஞ்சுக்குப் போவது பல வருஷப் பழக்கம். என்னிடம் இருப்பது உரிமம் பெற்ற .22 (குழல் 0.22 அங்குலம்), சி.இசட். 452 போல்ட் ரைஃபிள். அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவளிடம் 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். 2016 ஆயுத விதிகளின்படி குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத, 4.5 மி.மீ. குழல் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. .22க்குக் கட்டாயம் வேண்டும். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே ஸ்கோப் கிடைக்குமா என்றுதான் முதலில் தேடினேன்.

மேலே போகும் முன் பெற்றோர்களுக்கு ஒரு விஷயம். பிள்ளையைப் போட்டிக்குத் தயார் செய்கிறீர்கள் என்றால் ஸ்கோப்பில் காசு போடாதீர்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் ரைஃபிளிலும் சர்வதேச விதிகள் ஸ்கோப்பை அனுமதிப்பதில்லை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த துப்பாக்கிச் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் ரைஃபிளில் இருப்பது பீப் சைட். சின்னத் துளை வழியாக முன் வளையத்தைப் பார்த்துச் சுடுவது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளி எடுத்து வெண்கலம் வாங்கியதும் அதே முறையில்தான். ஓடும் இலக்குப் போட்டிகளில் மட்டும் நான்கு மடங்கு வரை ஸ்கோப் உண்டு. அண்ணன் மகள் மாநிலப் போட்டிக்கு ஆசைப்பட்டிருந்தால் நானும் அவளுக்கு நல்ல பீப் சைட்தான் வாங்கிக் கொடுத்திருப்பேன். அவளுக்குக் காகிதத்தில் ஓட்டைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பதில்தான் ஆசை.

அப்படியானால் ஸ்கோப் யாருக்கு? பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்பேக் மேல் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்களுக்கு. எந்த லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரான) தோட்டா தங்கள் குழலுக்குப் பொருந்துகிறது என்று சோதிப்பவர்களுக்கு. அப்புறம், என்னைப் போல முன் சைட்டை இழந்தவர்களுக்கு.

மாட்டிப் பார்த்தவை ஐந்து. ஏர் ரைஃபிளோடு இலவசமாக வந்த 4×32. நண்பர் இரவல் கொடுத்த, .22க்கென்றே செய்த 2-7×32. பல வருஷம் முன்பு அவசரத்தில் நான் வாங்கி அலமாரியில் போட்டிருந்த 3-9×40. அது பெரிய ரைஃபிளுக்கான வேட்டை ஸ்கோப். கிளப் உறுப்பினர் ஒருவருடைய 4-12×40. முன் லென்ஸைச் சுற்றி திருகு வளையம் உள்ள, ஏ.ஓ. என்று சொல்லும் வகை. கடைசியாக, பக்கத்தில் சக்கரம் வைத்த 6-24×50. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது; 3-9 என்றால் மூன்றிலிருந்து ஒன்பது வரை மாற்றிக்கொள்ளலாம். பெருக்கல் குறிக்குப் பின்னால் வருவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

கடையில் எல்லோரும் முதல் எண்ணைத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் ஞாயிறே ஒரு தோட்டாகூடச் சுடாமல் அந்த எண்ணம் போய்விட்டது.

3-9ஐ மாட்டி, போல்ட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, ரைஃபிளை சாண்ட்பேக்கில் அசையாமல் அமர்த்தினேன். குறுக்குக்கம்பியை ஐம்பது மீட்டர் டார்கெட்டின் நடுப்புள்ளியில் வைத்தேன். ரைஃபிளைத் தொடாமல், தலையை மட்டும் இடமும் வலமும் மெதுவாக நகர்த்தினேன். கம்பி கூடவே நடந்தது. பத்துப் புள்ளி வளையத்தின் நடுவை விட்டு ஒன்பதுக்குள் போய், திரும்பி வந்து, மறுபக்கத்து ஒன்பதுக்குள் போனது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அண்ணன் மகள், "சித்தப்பா, துப்பாக்கி ஆடவே இல்ல, குறி மட்டும் தானா ஓடுது!" என்றாள்.

இதுதான் பாரலாக்ஸ். இலக்கின் பிம்பமும் குறுக்குக்கம்பியும் ஸ்கோப்புக்குள் ஒரே தளத்தில் விழவில்லை என்றால், கண் நகர நகரக் கம்பி இலக்கின் மேல் நகரும். ரயில் ஜன்னலில் பக்கத்து மரம் ஓட, தூரத்துக் குன்று நிற்பது போல. வளையமோ சக்கரமோ இல்லாத ஸ்கோப்பில், எந்தத் தூரத்துக்கு இந்தப் பிழை பூஜ்யம் என்பதைத் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். வேட்டை ஸ்கோப்புகளுக்குப் பெரும்பாலும் 100 கெஜம், சிலவற்றில் 150. .22 ஸ்கோப்புகளுக்கு 50 அல்லது 60 கெஜம்.

கணக்கு எளிது. முன் லென்ஸின் பாதி விட்டத்தை, சுடும் தூரத்துக்கும் பூட்டிய தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, பூட்டிய தூரத்தால் வகுத்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது வரக்கூடிய அதிகபட்சப் பிழை கிடைக்கும். 100 கெஜம் என்பது 91 மீட்டர். என் 3-9க்கு 50 மீட்டரில் 20 × 41 ÷ 91, அதாவது 9 மி.மீ. ஐம்பது மீட்டர் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். அதே ஸ்கோப்பை 10 மீட்டரில் வைத்தால் பிழை 18 மி.மீ. பக்கம் வருகிறது. ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, மொத்தக் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ. நடுவைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கறுப்புக்கு வெளியே சுட முடியும்.

நண்பரின் 2-7×32 இதில் ரொம்ப நல்ல பிள்ளை. 50 கெஜத்துக்குப் பூட்டியது, முன் லென்ஸும் சிறியது. 50 மீட்டரில் பிழை ஒன்றரை மில்லிமீட்டர்தான். தலையை எவ்வளவு நகர்த்தினாலும் கம்பி அசைவதே தெரியவில்லை. ஆனால் அதையே 25 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 7 மி.மீ. ஆகிறது. .22ஐ ஐம்பதில் மட்டும் சுடுபவருக்குப் போதும். ஏர் ரைஃபிளுக்கும் சேர்த்து என்றால் போதாது.

4-12லும் 6-24லும் தூரத்துக்கேற்ப நாமே திருகிக்கொள்ளலாம். அந்த 4-12 பத்து கெஜம் வரை இறங்கியது. அதன் வளையத்தில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம். ஐம்பது மீட்டர் டார்கெட்டில் எங்களுக்குக் கம்பி அசையாமல் நின்ற இடம் 50க்கும் 75க்கும் நடுவே இருந்தது. தலையை நகர்த்தி, கம்பி நிற்கும் இடத்தில் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். இன்னொன்று, கண் பக்கத்து வளையம் வேறு, இது வேறு. கண் பக்கத்தில் திருகுவது குறுக்குக்கம்பியை உங்கள் பார்வைக்குத் தெளிவாக்க. வெள்ளைச் சுவரைப் பார்த்து அதை முதலில் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். படம் மங்கலாகத் தெரியும்போதெல்லாம் அதைத் திருகுபவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன்.

சரி, பெரிதாக்கும் மடங்கு. 6-24ஐ மாட்டிய முதல் நாள் ஜனவரி. பனியும் புகையும் சேர்ந்து பத்து மணி வரை ஐம்பது மீட்டர் டார்கெட்டே சாம்பலாகத்தான் இருந்தது. 24 மடங்கில் படம் இன்னும் இருண்டது. முன் லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 50 ÷ 24 என்றால் 2 மி.மீ. மட்டுமே. மங்கிய காலையில் கண் பாப்பா அதைவிட விரிந்து நிற்கிறது, அதை நிரப்ப ஒளி இல்லை. கற்றை இவ்வளவு ஒல்லி என்பதால் கண்ணை அந்தக் கோட்டில் கொண்டுபோய் வைப்பதும் சிரமம். கொஞ்சம் விலகினால் படம் கறுத்துவிடுகிறது. அதோடு மூச்சு ஒருமுறை பட்டாலே கண் பக்கத்து லென்ஸில் பனி படிந்துவிடும். 12 மடங்குக்குக் குறைத்தபோதுதான் நிம்மதியாகச் சுட முடிந்தது.

மே மாதம் வேறு தொல்லை. ஒன்பது மணிக்கே தரை கொதிக்க ஆரம்பித்துவிடும். கானல் எழும்பினால் 24 மடங்கில் டார்கெட் வாணலி எண்ணெய்க்கு அடியில் கிடப்பது போல நெளிகிறது. ஸ்கோப் கானலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. கறுப்பு வட்டம் இடப்பக்கம் சாய்ந்து, மேலே எழும்பி, திரும்பி வரும். எந்த இடம் உண்மை என்று கண் தடுமாறும். காலை ஆறரைக்கு ஒரே லாட் தோட்டாவில் ஐந்து ஐந்தாகச் சுட்டபோது 6-24இல் என் குரூப், அதாவது ஐந்து ஓட்டைகளும் பரவிய அகலம், 15 மி.மீ. அளவில் இருந்தது, 4-12இல் 16. பத்து மணிக்கு 24 மடங்கில் 22 ஆகிவிட்டது. 4-12ஐப் பத்து மடங்கில் வைத்துச் சுட்டது 18. இது ஒரு மனிதன், ஒரு ரைஃபிள், சில காலைகள் கொடுத்த அளவு, அவ்வளவுதான். ஆனால் காலையில் கிடைத்த அந்த ஒரு மில்லிமீட்டருக்காக இரண்டு மடங்குக்கு மேல் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெஞ்ச்ரெஸ்ட்டில் தீவிரமாக இறங்கியவர்கள் 36, 40 மடங்கு ஸ்கோப்பெல்லாம் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே தாளில் 25 சின்ன இலக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரே தோட்டா என்று ஆடுபவர்களுக்கு அது தேவைதான். அவர்கள் கானலின் போக்கைப் படிப்பதற்கே அந்த மடங்கைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் படிப்பு எனக்கு இன்னும் வரவில்லை.

அடுத்தது கிளிக், அதாவது டர்ரெட் என்னும் குமிழைத் திருகும்போது குறி நகரும் ஒவ்வொரு படி. வாங்குவதற்கு முன் யாரும் சோதிக்காத, ஆனால் கட்டாயம் சோதிக்க வேண்டிய விஷயம். பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு); 50 மீட்டரில் 3.6 மி.மீ. நகர வேண்டும். நாங்கள் செய்தது: குறி வைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி ஸீரோ ஆன ரைஃபிளில் மூன்று தோட்டா. பின் வலது பக்கம் 20 கிளிக், மூன்று தோட்டா. மேலே 20, இடது 20, கீழே 20. குறி வைப்பது எப்போதும் அதே நடுப்புள்ளிதான். தாளில் ஒரு சதுரம் விழ வேண்டும், பக்கம் 73 மி.மீ., கடைசி மூன்று ஓட்டைகள் முதல் மூன்றின் மேலேயே வந்து விழ வேண்டும். 4-12 அழகான சதுரம் போட்டது. 6-24ம் அப்படியே. 2-7இன் சதுரம் கொஞ்சம் சிறியது, ஆனால் சரியாகத் திரும்பி வந்தது. அது எனக்குப் பரவாயில்லை.

இலவச 4×32தான் ஏமாற்றியது. வலது பக்கம் 20 கிளிக் திருகிய பிறகு முதல் தோட்டா பழைய இடத்திலேயே விழுந்தது. இரண்டாவது பாதி தூரம் போனது. மூன்றாவது தாண்டி விழுந்தது. உள்ளே ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டு, சுடும் அதிர்ச்சியில்தான் விடுபடுகிறது. திருகியபின் நாணயத்தால் டர்ரெட்டை இரண்டு தட்டு தட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். ஒருமுறை ஸீரோ வைத்து அப்புறம் தொடவே மாட்டேன் என்பவருக்கு இந்த ஸ்கோப்பும் போதும். தோட்டா சோதிப்பவருக்கு ஆகாது, பழி தோட்டா மேல் விழுந்துவிடும்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் அடுத்ததைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஏர் ரைஃபிள்தானே, அதிர்ச்சி என்ன இருக்கப்போகிறது என்று நானும் நினைத்திருக்கிறேன். .22 தோட்டாவின் உதை ஒன்றுமே இல்லை, எந்த ஸ்கோப்பும் தாங்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் கதையே வேறு. விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் போகிறது. பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் நின்றதும் துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கப்படுகிறது. பெரிய ரைஃபிளின் உதை ஒரு திசையில்தான். பல ஸ்கோப்புகளின் உள் அமைப்பு அதைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. எதிர்த் திசையில் வரும் இந்த வெட்டு லென்ஸையும் கம்பியையும் அவற்றின் பிடியிலிருந்து ஆட்டிவிடும்.

போன வருஷம் அண்ணன் மகளுக்காக ஒரு கடையில் ஸ்கோப் வாங்கினேன். "ஏர்கன்னுக்குத் தாராளமா போடலாம் சார்" என்றார் கடைக்காரர். இருநூறு பெல்லட் போவதற்குள் குறுக்குக்கம்பி பெருக்கல் குறி மாதிரி சாய்ந்துவிட்டது. அவள் தான்தான் எதையோ தப்பாகத் திருகிவிட்டோம் என்று இரண்டு நாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. பில் இருந்தும் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். ஆகவே, ஸ்பிரிங் ரைஃபிளுக்கு என்று தயாரிப்பாளரே உறுதி கொடுத்திருக்கிறாரா என்று பெட்டியிலோ கையேட்டிலோ எழுத்தில் பாருங்கள், வாய்ச் சொல் வேண்டாம். முன்பே அழுத்தி அடைத்த காற்றால் சுடும் பிசிபி ரைஃபிள் என்றால் இந்தக் கவலை கிடையாது, அதில் அதிர்ச்சி மிகக் குறைவு.

ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்ட் பற்றி யாரும் பேசுவதில்லை, பாதிப் பிரச்சினை அதில்தான். எங்கள் இரண்டு ரைஃபிளிலும் மேலே 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம். 22 மி.மீ. ரயிலுக்கான ரிங் (ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) இதில் உட்காராது. வாங்கும் முன் ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் இரண்டு தனி ரிங்கைவிட ஒரே துண்டாக வரும் மவுண்ட் நல்லது, அதுவும் அடியில் தடுப்பு முள் இருந்தால் ரைஃபிளின் துளையில் பொருத்திக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஸ்கோப் ஒவ்வொரு சுடுதலுக்கும் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகரும். குழாயின் மேல் ரிங் ஓரமாக ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தால், நகர்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

6-24இன் 50 மி.மீ. லென்ஸ் குழலில் இடிக்காமல் இருக்க உயரமான ரிங் தேவைப்பட்டது. அதனால் என் கன்னம் கட்டையை விட்டு எழும்பி, தாடையால் முட்டுக்கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தலை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றது. ஸ்கோப் மட்டும் எங்கள் சமையலறைத் தராசில் 720 கிராம். ஒல்லியான சி.இசட். மேல் அது தலைப்பாரமாகத்தான் இருந்தது.

கம்பியை நேராக்க, எதிர்ச் சுவரில் ஒரு பூட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரிதான். ரைஃபிளை மட்டமாக வைத்து, செங்குத்துக் கம்பி நூலோடு ஒட்டி நிற்கும்வரை ஸ்கோப்பைச் சுழற்றி, ரிங் திருகுகளைக் குறுக்கு வாக்கில் கால் கால் சுற்றாக இறுக்கினேன். ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் குழாய் திரும்பிவிடுகிறது.

குறுக்குக்கம்பி வகைக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். காகிதத்துக்கு மெல்லிய கம்பி போதும். 2-7இல் கம்பி தடிமன், ஐம்பதில் பத்து வளையத்தின் நடுவை மூடிவிடுகிறது. புள்ளி வரிசை உள்ள மில்டாட் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நாங்கள் பார்த்த ஸ்கோப்புகளில் அந்தப் புள்ளிகளின் அளவு ஒரே ஒரு மடங்கில்தான் சரி.

நான் முடிவில் வாங்கியது 4-12×40 ஏ.ஓ., ஸ்பிரிங் ரைஃபிளுக்கு எழுத்தில் உறுதி உள்ளது. 6-24க்கு ஆகும் பணத்தில் இதுவும், ஒரே துண்டு மவுண்டும், ஐந்து பெட்டித் தோட்டாவும் வந்துவிட்டன. .22 மட்டும் வைத்திருந்து, 50 மீட்டரைத் தாண்டாமல், குறைக்காமல் சுடுபவராக நான் இருந்தால் 2-7×32ஐ வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எடை குறைவு, படம் வெளிச்சம், கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஒரே ஸ்கோப்பை இரண்டு ரைஃபிளுக்கும் மாற்றி மாற்றிப் போடும் யோசனையைக் கைவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஸீரோ வைக்க இருபது தோட்டா போகிறது. 4-12 இப்போது ஏர் ரைஃபிளில் இருக்கிறது, 10, 25 என்று தூரம் மாற்றிச் சுடுபவள் அவள்தான். நான் நண்பரிடமே அந்த 2-7ஐ விலைக்குக் கேட்டிருக்கிறேன்.

அவர் யோசிக்கும்வரை அலமாரியிலிருந்த 3-9தான் என் சி.இசட். மேல். அதைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. பாரலாக்ஸ் பிழை முன் லென்ஸின் விட்டத்தைப் பொறுத்தது என்பதால், லென்ஸ் அளவுக்குக் கறுப்பு அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் 20 மி.மீ. ஓட்டை போட்டு முன்னால் செருகினேன். 9 மி.மீ. பிழை நாலரை ஆகிவிட்டது. படம் கொஞ்சம் இருள்கிறது, அதனால் ஆறு மடங்குக்கு மேல் போவதில்லை. அட்டை, முறுக்கு டப்பாவின் மேல் மூடி. ஓட்டையின் ஓரத்தை மட்டும் நல்ல பிளேடால் சுத்தமாக வெட்டுங்கள், பிசிறு இருந்தால் படத்தில் மூட்டம் தெரியும்.